வசனம் உண்டா? இல்லை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் ஊக்கம் தருகிற மாதிரி நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி நம் பிரிவுத் தலைவி கிளேர் கேட்டார். ஊக்கம் தருகிற விஷயம் எதுவும் என்னிடம் இல்லை என்றேன். அப்படியானால் பயன்படுகிற விஷயம் எதையாவது எழுதுங்கள் என்றார். அதனால் என்னுடைய பிழை ஒன்றை எழுதுகிறேன். இந்த வேலையில் இருபத்தாறு வருஷம் இருந்தேன், பிழைக்குப் பஞ்சமில்லை. ஒருமுறை டேனிஷ் படம் ஒன்றுக்குப் போலந்துப் படத்தின் சப்டைட்டிலைப் போட்டு அனுப்பிவிட்டேன். யாரும் முறையிடவில்லை. கதை நன்றாக இருந்ததாக ஒருவர் கடிதம்கூட எழுதினார். இது அந்த வகைப் பிழை அல்ல.

உங்கள் வேலை என்னவென்று முதல் நாளிலேயே சொல்லியிருப்பார்கள். நம் தொலைக்காட்சி வாங்குகிற வெளிநாட்டுப் படங்களோடு ஆங்கில சப்டைட்டிலும் வந்துவிடும். அது சரியான நேரத்தில் ஏறி இறங்குகிறதா, எந்த வயதினர் பார்க்கலாம், யார் மனதும் நோகிற காட்சி உண்டா, தொடக்கத்தில் என்ன எச்சரிக்கை அட்டை போடவேண்டும் என்று பார்த்து அறிக்கை எழுதவேண்டும். அவ்வளவுதான். மெல்பன் நகரத்தின் நடுவில், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான வீடுகளில் எந்தப் பிள்ளை எதைப் பார்த்து அழும் என்று ஊகிக்கிற வேலை.

என் கடைசி வருஷத்தில், பள்ளி விடுமுறைக்காகப் பழைய ஐரோப்பியச் சிறுவர் படங்கள் பன்னிரண்டை மொத்தமாக வாங்கினார்கள். பன்னிரண்டும் என் தலையில் விழுந்தன. அந்தப் படங்களை நீங்களும் பார்க்கத்தான் போகிறீர்கள், எனவே இப்போதே சொல்லிவிடுகிறேன். அவற்றில் நம் நிறத்துக்காரர்களுக்கு மூன்று இடங்கள் உண்டு. ஒன்று சர்க்கஸ். இரண்டாவது, சுல்தானின் பின்னால் விசிறியோடு நிற்பது. மூன்றாவது தீவு. தீவு என்றால் பெரிய பானை ஒன்று இருக்கும், யாரை அதற்குள் போடுவது என்ற ஆலோசனையும் நடக்கும். வருகிறவர்களில் முக்கால்வாசிப்பேர் அந்த நாட்டு வெள்ளைக்காரர்கள்தான், முகத்தில் மை பூசிக்கொண்டு நிற்பார்கள்.

இதற்கென்று அலுவலகத்தில் ஒரு படிவம் இருக்கிறது. பன்முகத்தன்மைப் படிவம் என்று பெயர். வெள்ளையர் அல்லாத பாத்திரங்கள் எத்தனை, அவர்களுக்குப் பெயர் உண்டா, வசனம் உண்டா, கதையின் முடிவில் உயிரோடு இருக்கிறார்களா என்று பதினான்கு கேள்விகள். அதை நிரப்புவதில் எனக்கு நல்ல பெயர். ஒரு படத்துக்கு ஒன்பது நிமிஷம்.

நான் எப்படி வேலை செய்தேன் என்பதையும் சொல்லவேண்டும், வெட்கமாக இருந்தாலும். படத்தைச் சத்தம் இல்லாமல் பார்ப்பேன். என்னைப் பழக்கிய மூத்தவர், மகா கெட்டிக்காரர், பழக்கிய முதல் வாரமே சொன்னார்: 'உனக்கு ஸ்வீடிஷ் தெரியுமா? செக் தெரியுமா? தெரியாத மொழியைக் கேட்டு என்ன செய்யப்போகிறாய்? எழுத்தைப் பார்.' எனக்கு அது நியாயமாகப் பட்டது. காதுகள் இரண்டும் சும்மா இருப்பானேன் என்று, கிரிக்கெட் நடக்கும் நாட்களில் வர்ணனை கேட்பேன். இருபத்தாறு வருஷத்தில் இலங்கை தோற்ற ஆட்டம் அனைத்தையும் ஏதோ ஒரு ஐரோப்பியப் படத்தைப் பார்த்தபடிதான் கேட்டேன்.

பன்னிரண்டில் ஏழாவது படத்தின் பெயரைத் தமிழில் 'தொட்டி மாலுமி' என்று சொல்லலாம். அறுபதுகளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பெரிய செப்புக் குளியல் தொட்டியில் ஏறி, வெளிர்முடிப் பொடியன் ஒருவன் கடல் பயணம் போகிறான். திமிங்கிலத்தைச் சந்திக்கிறான், நிலாவோடு பேசுகிறான். அதுவரை அருமையான படம். பிறகு தீவுக்கு வந்து சேர்கிறான். இறகுக் கிரீடம் வைத்த அரசனும் ஆறு வயது இளவரசியும் நிற்கிறார்கள். பொடியன் அவர்களுக்குச் சவர்க்காரம் என்றால் என்ன என்று காட்டுகிறான். அரசனுடைய கைகளைத் தொட்டித் தண்ணீரில் கழுவுகிறான். கறுப்பு கரைந்து ஓடுகிறது, கைகள் வெளுப்பாக வெளியே வருகின்றன. வாத்தியங்கள் முழங்குகின்றன. தீவே கைதட்டுகிறது.

நாலு நிமிஷக் காட்சி. பார்த்த உடனே வெட்டச் சொல்லி அறிக்கை எழுதினேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிள்ளைகள் பார்க்கிற சனிக்கிழமைப் பகல் இரண்டு மணிக்குச் சவர்க்காரம் போட்டுக் கறுப்பனை வெளுப்பாக்குகிற காட்சியைப் போட முடியுமா? கிளேர் படித்துவிட்டு, 'தெளிவான அறிக்கை' என்று ஓரத்தில் எழுதி ஒப்புதல் தந்தார்.

வெட்டப்போகிற காட்சியிலும் ஒரு திருத்தம் செய்திருந்தேன், அவ்வளவு கடமையுணர்ச்சி. அரசனும் இளவரசியும் பேசுகிற இடத்தில், வந்த சப்டைட்டில் 'காட்டுமிராண்டிகள் பிதற்றுகிறார்கள்' என்று சொன்னது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை அழித்துவிட்டு, 'தீவுவாசிகள் தமக்குள் உரையாடுகிறார்கள்' என்று மரியாதையாக மாற்றினேன். படிவத்தில் 'வசனம் உண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். ஒன்பது நிமிஷத்தில் முடித்தேன். அன்றைக்கு இலங்கை துடுப்பெடுத்தாடிக்கொண்டிருந்தது.

படம் சனிக்கிழமை. வெட்டிய பிரதி வியாழன் மதியம் ஒளிபரப்புப் பிரிவுக்குப் போகவேண்டும். செவ்வாய்க்கிழமை காலை வரவேற்பிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பை எனக்குத் தள்ளிவிட்டார்கள். ஒரு அம்மா உங்கள் பாஷையில் அழுகிறார், நீங்களே பேசுங்கள் என்றார்கள். அவர் அழவில்லை. சத்தமாகப் பேசுகிற பழக்கம், அவ்வளவுதான்.

"தம்பி, தமிழ் தெரியுமா?"

"ஓம், தெரியும். செல்லுங்க."

சொல்லுங்க என்பதைச் செல்லுங்க என்ற அந்த ஒரு சொல்லில் அவருக்கு என் ஊர், மார்க்கம், சாதிசனம் எல்லாம் விளங்கிவிட்டது. நமது முஸ்லிம் ஆட்களுடைய பேச்சு அப்படி, மறைக்க முடியாது.

"நம்மட ஆள்தானா? அல்ஹம்துலில்லாஹ். நான் கிரான்பர்ன்ல இரிக்கிறன், ஹாஜரா எண்டு பேர். டீவியில ஒரு விளம்பரம் போகுதே, ஒரு வெள்ளப் பொடியன் தொட்டிக்குள்ள போறான். அந்தத் தொட்டி எனக்குத் தெரியும் தம்பி. அந்தப் படத்தில நான் நடிச்சனான்."

தம்பி தங்கச்சிமாரே, இப்படி வாரத்துக்கு ஒரு அழைப்பு வரும். படத்தில் நடித்தவர்கள், படத்தின் கதையைப் பறிகொடுத்தவர்கள், கதாநாயகனுக்கு முதல் மனைவியாக இருந்தவர்கள். நான் என்ன செய்வேன் என்றால், 'மிக்க நன்றி, குறித்துக்கொண்டோம்' என்று சொல்லிவிட்டு எதையும் குறித்துக்கொள்ளமாட்டேன். அன்றும் அதைத்தான் சொல்லப்போனேன். அவர் விடவில்லை.

அவருடைய தகப்பன் காதர், கொழும்பில் சமையற்காரர். ஐரோப்பாவில் தூதரகம் ஒன்றில் சமைக்கப் போனவர், பெண்சாதியையும் மகளையும் கூட்டிப்போயிருக்கிறார். படக்காரர்கள் தூதரகத்துக்கு வந்து கறுப்பான ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். தூதர் சமையலறையைக் காட்டியிருக்கிறார். அந்தப் படம் எடுத்த குளிர்காலத்திலேயே காதர் நெஞ்சுவலியில் இறந்துபோனார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டுத் தாயும் மகளும் ஊர் திரும்பினார்கள். வீட்டில் இருந்த அவருடைய ஒரேயொரு புகைப்படமும் வெள்ளத்தில் போய்விட்டது.

"எனக்கு ஆறு வயசு. வாப்பாட முகம் எனக்கு ஞாபகம் இல்ல தம்பி. எவ்வளவு யோசிச்சாலும் வரமாட்டேங்குது. குரல் கொஞ்சம் ஞாபகம். அதுவும் நானாக் கட்டி வெச்சிக்கிட்டதோ என்னமோ. அந்தத் தீவுக் கட்டத்தக் கட்டாயம் போடுவீங்கதானே?"

பார்ப்போம் என்று இழுத்தேன்.

"நான் பொய் செல்லல்ல. வேணுமெண்டா பாருங்க. நான் 'வாப்பா, குளிருது' எண்டு செல்லுவன். அதுக்கு வாப்பா, 'பொறு மகள், இந்த ஹறாங்குட்டி படத்த முடிக்கட்டும், வீட்ட போய் சுடச்சுட ஆணம் காச்சித் தாறன்' எண்டு செல்லுவாரு. அவங்க எங்களுக்கு வசனம் தரல்ல. எதையாவது பேசு, யாருக்கும் விளங்காம இருந்தாச் சரி எண்டாங்களாம். உம்மா செல்லித்தான் தெரியும்."

திரும்ப அழைக்கிறேன் என்று சொல்லி வைத்தேன். அறைக் கதவைச் சாத்தினேன். அந்த இடத்துக்குப் படத்தை ஓட்டிப்போய், கிரிக்கெட் கேட்கிற ஹெட்போனை எடுத்துக் கணினியில் செருகினேன். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை.

கீச்சென்று ஒரு பிள்ளையின் குரல். 'வாப்பா, குளிருது.'

அதற்குப் பிறகு ஒரு ஆணின் குரல், அடித்தொண்டையில், சளி பிடித்த குரல். பொறு மகள் என்றது. அந்தம்மா சொன்னதில் ஒரு சொல் பிசகவில்லை. திரையின் அடியில், வெள்ளை எழுத்தில், என் கைப்பட எழுதிய வரி நின்றது: தீவுவாசிகள் தமக்குள் உரையாடுகிறார்கள்.

வேறு யாராவது இந்தப் பிழையை விட்டிருந்தால் மன்னித்துவிடலாம். கிளேருக்குத் தமிழ் தெரியாது. இந்த நாட்டில் சப்டைட்டில் பார்க்கிறவர்களில், வாப்பா என்றால் தகப்பன், ஆணம் என்றால் குழம்பு, ஹறாங்குட்டி என்றால் தகப்பன் பெயர் தெரியாதவன் என்று விளங்கக்கூடியவன் அநேகமாக நான் ஒருத்தன்தான். அந்த ஒருத்தன் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

கிளேரிடம் போனேன். கிளேர் நல்ல மனுஷி, உங்களுக்கே தெரியும். முழுவதையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"ஹனீபா, எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் காட்சி மாறிவிடவில்லையே? சவர்க்காரம் அங்கேதானே இருக்கிறது? அதைப் பார்க்கப்போகிற மற்றப் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு? அவருக்குத் தனியாக ஒரு பிரதி கொடுத்துவிடலாமே."

கொடுக்க முடியாது. ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினேன். ஒரே ஒரு ஒளிபரப்பு, பிரதி எடுக்கக் கூடாது, வெளியாருக்குப் போட்டுக்காட்டக் கூடாது, பிறகு கோப்பை அழித்துவிடவேண்டும். அந்த நாட்டு ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்டால் பதில் வர நாலு மாதம் ஆகும், ஏனென்றால் போன தடவை நாலு மாதம் ஆனது. சனிக்கிழமை போட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

"வெட்டச் சொன்னதே நீங்கள்தானே?" என்றார் கிளேர். குத்திக்காட்டவில்லை, ஞாபகப்படுத்தினார். "உங்கள் அறிக்கையை நீங்களே மறுத்து எழுதவேண்டிவரும். மேலே கேட்பார்கள்."

"எழுதுகிறேன்."

"என்ன எழுதுவீர்கள்?"

அதுதான் எனக்குத் தெரியவில்லை. காட்சி கேவலமான காட்சி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஐந்து நேரமும் ஒளுச் செய்து, கை கால் முகம் கழுவித் தொழுகிற மனுஷனுக்கு ஒரு பொடியன் கை கழுவக் கற்றுக்கொடுக்கிறான். அதை வைத்துச் சிரிக்கச் சொல்கிறார்கள். வெட்டினால் அந்தக் கேவலம் போகும், கூடவே காதரும் போவார். வைத்தால் இரண்டும் இருக்கும். இந்தக் கணக்கில் எங்கே தள்ளிப் பார்த்தாலும் விடை வரவில்லை. கடைசியில், இதில் சம்பந்தப்பட்ட ஒருத்தர் கிரான்பர்னில் உயிரோடு இருக்கும்போது நாம் இரண்டுபேரும் இங்கே உட்கார்ந்து என்னத்தை யோசிக்கிறோம் என்று கேட்டேன்.

வெளியாருக்குக் காட்டக் கூடாது, ஆனால் ஆலோசகருக்குக் காட்டலாம். ஆலோசகர் படிவம் தனியாக இருக்கிறது. 'இத்துறையில் அனுபவம்' என்ற இடத்தில், 'மேற்படி படத்தில் இளவரசியாக நடித்தவர்' என்று எழுதினேன். அதை நிரப்பப் பத்து நிமிஷம் ஆனது.

புதன்கிழமை காலை ரயிலில் வந்தார்கள். ஹாஜரா என்னைவிட மூன்று வயது மூத்தவர், முழங்கால் வலிக்காரர், ராத்தா என்று கூப்பிட்டேன். அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கூட அவருடைய பேத்தி ஆயிஷா. பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை. தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். கிளேரும் வந்து உட்கார்ந்தார். நாலு பேருக்கு அந்த அறை போதாது. ராத்தாவுக்குச் சக்கரம் இல்லாத கதிரை ஒன்றைத் தேடி எடுத்துவந்தேன், சக்கரக் கதிரை ஓடிவிடும் என்று பயந்தார்.

முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது. காட்சி மரியாதையாக எடுத்த காட்சி அல்ல, வாப்பாவை நல்ல விதமாகக் காட்டவில்லை என்று சொன்னேன்.

"தெரியும் தம்பி. நான் அங்க நிண்டனானே," என்றார்.

போட்டேன்.

அரசன் வந்தான். ராத்தா முன்னால் குனிந்தார். குனிந்தபடியே இருந்தார். 'வாப்பா, குளிருது' என்று அவருடைய ஆறு வயதுக் குரல் சொன்னது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அரசனின் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நெற்றியிலிருந்து கழுத்துவரை தார் மாதிரி மை. உதட்டைச் சுற்றி வெள்ளை வளையம். மூக்கில் எலும்பு. இறகு புருவம்வரை இறங்கியிருந்தது. கறுப்பான ஆள் வேண்டும் என்று தேடிப்போய்க் கூட்டிவந்தவர்கள், வந்தவருடைய கறுப்பு போதாது என்று அதன்மேல் பூசியிருந்தார்கள்.

"இது என்ன?" என்றார் ராத்தா. "முகம் எங்க?"

படம் ஓடியது.

"தம்பி, முகத்த மூடிட்டாங்களே. மை பூசினது ஞாபகம், இப்பிடி முழுசா எண்டு எனக்குத் தெரியாதே. அறுபது வருஷமா இந்தப் படம் எங்கயாவது இரிக்கும், பாத்தா முகம் தெரியும் எண்டுதானே இருந்தன்."

நிறுத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஆயிஷா அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டாள். திரையில் பொடியன் சவர்க்காரத்தை எடுத்தான். நான் வெட்டச் சொன்ன காட்சியிலேயே மிக மோசமான இடம் அது. அறிக்கையில் அடிக்கோடு போட்டிருந்தேன். கிளேர் தரையைப் பார்த்தார். தண்ணீர் ஊற்றினார்கள், நுரை வந்தது, மை கரைந்தது, வாத்தியம் முழங்கியது, இரண்டு கைகள் வெளியே வந்தன.

"நிப்பாட்டுங்க!" என்று கத்தினார் ராத்தா.

நிறுத்தினேன்.

அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். கறுப்பு வெள்ளைப் படத்தில், அந்த மைக்குப் பக்கத்தில், ஒரு மாநிற மனுஷனுடைய கை வெளுப்பாகத்தான் தெரியும். படக்காரர்களுக்கு அது போதுமாக இருந்திருக்கிறது. வேறு எதுவும் பூசவில்லை. இடது கையில் பெருவிரலுக்குக் கீழே நீளமாக ஒரு வடு தெரிந்தது.

"எண்ண தெறிச்சது," என்றார். "வட பொரிக்கக்குள்ள. இந்தக் கையால எனக்குச் சோறு தீத்திவிடுவாரு. இது வாப்பாட கை. இது வாப்பாட கைதான் ஆயிஷா, பாருங்க."

அப்போது நான் அழுதேன். கிளேரும் அழுதார். ராத்தா அழவில்லை, அவருக்கு நேரம் இல்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்சநேரம் கழித்து முதலிலிருந்து போடச் சொன்னார். இந்தமுறை ஆயிஷா கீழே ஓடிய எழுத்தை வாசித்துத் தமிழில் சொன்னாள், தடுமாறித் தடுமாறி. தீவுவாசிகள் தமக்குள் உரையாடுகிறார்கள். ராத்தா என் பக்கம் திரும்பினார்.

"இத ஆரு எழுதினது?"

"நான்தான் ராத்தா."

"நீங்க தமிழ்தானே பேசுறீங்க?"

"ஓம்."

"பிறகென்ன? நாங்க என்ன பேசினம் எண்டு கேக்கல்லியா?"

பொய் சொல்லியிருக்கலாம். பிரதியில் சத்தம் பழுது என்று சொல்லியிருக்கலாம், அவர் நம்பியிருப்பார். "கேக்கல்ல ராத்தா," என்றேன். "சத்தத்த நிப்பாட்டிட்டு கிரிக்கெட் கேட்டுக்கிட்டிருந்தன்."



"ஆரு வெண்டது?"

"இலங்க தோத்துட்டு."

"நல்லம்," என்றார்.

இருபத்தாறு வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஒழுங்கு நடவடிக்கை அதுதான்.

பிறகு கிளேர் கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, வெட்டுவதா வைப்பதா என்று நேராகவே கேட்டார். ஆயிஷாவுக்கு வெட்டுவதுதான் சரி என்று பட்டது. "கிரான்பர்னில் என் தம்பிமாரோடு படிக்கிற பிள்ளைகளும் பார்ப்பார்கள். திங்கட்கிழமை பள்ளியில் சவர்க்காரம் சவர்க்காரம் என்று கூப்பிடுவார்கள். உங்களுக்குத் தெரியாது," என்றாள் ஆங்கிலத்தில். எங்களுக்குத் தெரியும், ஆனாலும் அவள் சொன்னது நியாயம். ராத்தா பேத்தியின் கையைத் தட்டிக்கொண்டே யோசித்தார்.

"வெட்டினா வாப்பா இல்ல. அப்பிடியே போட்டா, வாப்பாவப் பாத்துச் சிரிப்பாங்க. வாப்பா பேசினத எழுதிப் போடுங்க. அவர் என்ன சென்னார் எண்டு விளங்கினா, அவங்க வேற மாதிரிச் சிரிப்பாங்க."

"ஹறாங்குட்டியையும் எழுதணுமா ராத்தா?"

"அவர் சென்னாரா இல்லையா?"

"சென்னார்."

"அப்ப எழுதுங்க."

அன்று மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். இரண்டு வரி. அதற்கு மூன்று மணித்தியாலம் போனது. அரசன் இயக்குநரைத் திட்டுகிறான் என்று ஆனதும் வேறு சிக்கல் வந்தது. ஒளிபரப்புப் பிரிவு கூப்பிட்டது. இந்த வசைச்சொல் இருந்தால் படத்தை எல்லா வயதினருக்கும் என்ற பிரிவில் போட முடியாது, பெற்றோர் துணையுடன் என்ற பிரிவுக்குத்தான் போகும் என்றார்கள். மூக்கில் எலும்பு, உதட்டில் வெள்ளை வளையம், சவர்க்காரம், இத்தனையும் வைத்துக்கொண்டு அறுபது வருஷம் எல்லா வயதினருக்குமாக இருந்த படம், ஒரு சமையற்காரர் என்ன சொன்னார் என்று எழுதியதும் பிள்ளைகளுக்கு ஆகாததாகிவிட்டது. நான் சிரிக்கவில்லை, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன். படம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிக்குப் போனது.

என் அறிக்கையை மறுத்து நானே ஒரு அறிக்கை எழுதினேன். மேலேயிருந்து ஒருவர், உங்கள் நிலைப்பாடு இரண்டு வாரத்தில் ஏன் மாறியது என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். முதல் அறிக்கையை எழுதும்போது நான் படத்தைக் கேட்கவில்லை என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

கடைசியாக எச்சரிக்கை அட்டை. வழக்கமாக நாம் போடுவது உங்களுக்குத் தெரியும்: அக்காலத்துக் கண்ணோட்டங்கள், சிலருக்கு மனவருத்தம் தரலாம், இத்யாதி. அந்த வரியை நூறு படத்துக்குப் போட்டிருக்கிறேன். யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று அதில் ஒரு எழுத்து இல்லை. ஆயிஷா சொன்ன பிள்ளைகளுக்கு அது எதற்கும் உதவாது. கிளேரும் நானும் வியாழன் காலை முழுக்க மல்லுக்கட்டி எழுதியது இது: 'தீவின் அரசனாக வருபவர் காதர், சமையற்காரர். இளவரசியாக வருபவர் அவருடைய மகள் ஹாஜரா. அவர்கள் முகத்தில் இருப்பது படக்காரர்கள் பூசிய மை. அவர்கள் பேசுவது தமிழ்.' எச்சரிக்கை அட்டையில் ஆட்களின் பெயர் வரக்கூடாது என்று எங்கும் விதி இருக்கிறதா என்று தேடினோம். அப்படியொன்று வரும் என்று யாரும் நினைத்திருக்காததால் விதியும் இல்லை.

படிவத்தையும் திருத்தினேன். அதில் பழைய பதில்களை அழிக்க முடியாது, கோடுதான் போடலாம். வசனம் உண்டா என்ற கேள்விக்கு நேரே என்னுடைய 'இல்லை' இப்போதும் கோப்பில் கிடக்கிறது. போய்ப் பாருங்கள்.

சனிக்கிழமை மாலை டார்னெய்ட்டில் என் வீட்டில் மனைவியோடு உட்கார்ந்து பார்த்தேன், சத்தம் வைத்து. திங்கட்கிழமை மூன்று முறைப்பாடுகள் வந்திருந்தன. இரண்டு வசைச்சொல்லைப் பற்றி. ஒன்று, ஆணம் என்றால் என்ன, எப்படிச் செய்வது என்று கேட்டது. முறைப்பாட்டுப் பிரிவில் அதையும் முறைப்பாடாகப் பதிந்திருந்தார்கள்.

ராத்தா அழைக்கவில்லை. திங்கள் போனது, செவ்வாயும் போனது. எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. எழுத்து ஓடிய வேகம் பிழையாகிவிட்டதா, பள்ளியில் பிள்ளைகளுக்கு ஏதும் நடந்துவிட்டதா, வைத்ததே பிழையா? புதன்கிழமை நானே எடுத்தேன்.

"படம் பாத்தீங்களா ராத்தா?"

"பிள்ளையள் எல்லாம் பாத்தாங்க. கூட்டாளிமாரையும் கூட்டிவந்துட்டாங்க, பதினொரு பேர். வாப்பா ஹறாங்குட்டி எண்ட இடத்தில எழுத்த வாசிச்சிட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. இப்ப ரெண்டு நாளா வீட்டில அதான் பேச்சு. ஆயிஷா ஏசுறா."

"நீங்க?"

"நான் பாக்கல்ல தம்பி."

ஏன் என்று கேட்கப்போனேன். அவரே சொன்னார்.

"வாப்பாட கைய உங்கட ஒபிசில வெச்சுப் பாத்துட்டன், அது போதும். அந்த மை முகத்த இன்னொருக்காப் பாக்க ஏலா. நான் குசினிக்குள்ள நிண்டன். ஆணம் காச்சிக்கிட்டு நிண்டன். சத்தத்தக் கூட்டி வைங்க எண்டன். ஹோல்ல வாப்பா இருந்து பேசுற மாதிரியே இருந்திச்சு."